காற்றுப்பை விளக்கு அறியாதது

மோட்டார் வண்டியின் சாவியைத் திருப்பியதும் எரிந்து சில வினாடிகளில் அணைந்துவிடுவது காற்றுப்பை விளக்கு. அஃது அணையாது நிற்குமாயின், அதனை அணைப்பது எவ்வாறு என்பதே உரிமையாளரின் முதற் கேள்வியாகின்றது. அவ்விளக்கு எதனை அறியும், எதனை அறியாது என்னும் வினா அரிதாகவே எழுகின்றது. அதற்கான விடை காற்றுப்பையின் வரலாற்றிலேயே உள்ளது.

1953இல் அமெரிக்கரான ஜோன் ஹெட்ரிக் காற்றுப்பைக்கு ஆக்கவுரிமை பெற்றார். அமுக்கிய காற்றினாற் பையை நிரப்புவதே அவர் எண்ணம். ஆனால், மோதல் நிகழ்ந்தபின் கிடைக்கும் அவகாசம் ஒரு வினாடியின் இருபதில் ஒரு பங்கேனும் இல்லை. அவ்விரைவு, எரிந்து வாயுவாகும் இரசாயனப் பொருளாலேயே கைகூடிற்று. சோடியம் அசைட்டு நைதரசனைத் தந்தது. அதனைப் பற்றவைக்கும் பொறுப்பை மின்சாரம் ஏற்றது. ஒருமுறை மட்டுமே இயங்கும் பொருளை இயக்கிப் பார்த்துச் சோதித்தல் இயலாது. ஆதலின், மின்சுற்றுத் தன்னைத் தானே சோதிக்கவேண்டியதாயிற்று. விளக்கு அச்சோதனையின் முடிவைக் கூறுவது.

கட்டுப்பாட்டுக் கருவி மிகச் சிறிய மின்னோட்டத்தைச் செலுத்தித் தடையை அளக்கின்றது. இரண்டு மூன்று ஓமளவில் இருக்கவேண்டிய தடை கூடினாலோ குறைந்தாலோ விளக்கு எரியும். ஸ்டியரிங்கின் பின்னே சுருண்டிருக்கும் தட்டையான வடம் அறுதல், ஆசனத்தின் கீழுள்ள இணைப்பி தளர்தல், பற்றறி நலிதல் என்பன வழமையான காரணங்கள். மருதமுனை முதல் நிந்தவூர்வரை வீசும் உப்புக்காற்று செம்பிற் பச்சைக் களிம்பை ஏற்றுவதையும் இங்கு சேர்த்துக்கொள்ளல் வேண்டும். பழுது பார்ப்போர் பற்றறியின் மறைமுனையைக் கழற்றிச் சில நிமிடங்கள் பொறுத்தல் வேண்டும். கருவியின் கொள்ளளவியில் மின்னேற்றம் எஞ்சியிருக்கும். மஞ்சள் உறையிட்ட கம்பியைச் சோதனைக் குமிழால் தொடுவது பையை வெடிக்கச் செய்யலாம். பைக்குப் பதிலாக ஒரு தடையைப் பொருத்தி விளக்கை அணைத்துவிடுவோரும் உளர். இது பொய்ச் சாட்சிக்கு ஒப்பானது.

எனினும், பொய்யற்ற சாட்சிக்கும் ஓர் எல்லை உண்டு. டகாட்டா என்னும் யப்பானிய நிறுவனம் 2000ஆம் ஆண்டளவில் மலிவான அமோனியம் நைத்திரேற்றுக்கு மாறிற்று. ஈரமும், மாறிமாறி வரும் வெப்பமும் அதனை ஆண்டுகள் செல்லச் சிதைக்கின்றன. சிதைந்த பொருள் அளவுமீறிய வேகத்தில் எரிய, உலோகக் கலம் பிளந்து அதன் துண்டுகள் சாரதியைத் தாக்குகின்றன. 2008இல் ஹொண்டா ஏறத்தாழ 4,000 வண்டிகளை மீளழைத்தது. உலகெங்கும் மீளழைக்கப்பட்ட கலங்கள் பின்னர் 10 கோடியளவை எட்டின. நிறுவனம் 2017இல் முறிந்தது. இவற்றுள் எதனையும் விளக்கு கூறவில்லை. கம்பி நன்றாகவே இருந்தது, கெட்டது மருந்து.

நம்மைப் போன்று வெப்பமும் ஈரமும் மிக்க மலேசியாவில் 2014இல் இதனால் உயிரிழப்பு நேர்ந்தது. 1977இன் திறந்த பொருளாதாரக் கொள்கைக்குப்பின் இலங்கைக்குப் பெருகிவந்த பாவித்த யப்பானிய வண்டிகளையும் இதனோடு வைத்து நோக்குதல் தகும். ஏற்றுமதியின்போது யப்பானியப் பதிவு நீங்கிவிடுவதால், மீளழைப்பு மடல் பழைய உரிமையாளரோடு நின்றுவிடுகின்றது. கல்முனையில் அதே வண்டியை ஓட்டுபவர், அதன் செசி இலக்கத்தை உற்பத்தியாளரின் மீளழைப்புப் பட்டியலுடன் தாமே ஒப்பிட்டுப் பார்த்தாலன்றி இதனை அறிய வழியில்லை.