போஹாங் எஃகின் விலை

ஒரு நாடு வளர்வது சந்தையாலா, அரசாலா என்று பொருளியலாளர்கள் நெடுங்காலமாக வாதிடுகின்றனர். தென்கொரியாவின் போஹாங் எஃகு ஆலையின் வரலாறு வேறொரு கேள்வியை எழுப்புகிறது: யாருடைய பணத்தால்?

போதிய இரும்புத் தாதுவோ உலைக்குரிய நிலக்கரியோ இல்லாத அந்நாட்டுக்கு எஃகு ஆலை கட்டுப்படியாகாது என்றது 1960களின் இறுதியில் உலக வங்கி; மேலைநாட்டுக் கடனும் கைநழுவியது. அதிபர் பார்க் சுங் ஹீ வேறொரு நிதியில் கைவைத்தார். 35 ஆண்டுக் காலனியாட்சிக் கணக்கைத் தீர்க்கவென்று, 1965 உடன்படிக்கைப்படி ஜப்பான் தர இசைந்த 30 கோடி டாலர் மானியமும் 20 கோடி டாலர் கடனும்தான் அது. அதன் ஒரு பகுதி ஆலையாயிற்று. தோற்றால் அனைவரும் கடலில் குதிப்போம் என்றாராம் ஆலைத் தலைவர் பார்க் தே ஜூன். 1973இல் உலை எரிந்தது. கொரியாவின் கப்பல், கார்த் தொழில்கள் அந்த எஃகின்மீது வளர்ந்தன.

ஆனால் போர்க்காலத்தில் ஜப்பானியச் சுரங்கங்களுக்கும் ஆலைகளுக்கும் இழுத்துச் செல்லப்பட்டோர்? 1970களில், இறந்தோரின் குடும்பங்கள் சிலவற்றுக்குத் தலா 3 லட்சம் வோன் கிடைத்தது. உயிரோடு மீண்டவர்களுக்கு ஒன்றுமில்லை. போஹாங்குக்குத் தொழில்நுட்பம் அளித்தவற்றுள் ஒன்று நிப்பான் ஸ்டீல். அதன் முன்னோடி நிறுவனத்தில் வதைபட்ட நால்வருக்கு அது இழப்பீடு தர வேண்டுமெனக் கொரிய உச்ச நீதிமன்றம் 2018இல் தீர்ப்பளித்தது. அன்று அவர்களில் ஒருவர் மட்டுமே உயிரோடிருந்தார்.

உலக வங்கியின் கணக்கு பொய்த்தது உண்மைதான். வளர்ச்சியின் வெற்றிக்கதையாக அதைச் சொல்லும்போது, அந்த முதியவரின் கணக்கையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.