கேசட்டில் கிடக்கும் திருவிழாக்கள்

கோயில் பூசையை வீட்டிலிருந்தே திரையில் பார்ப்பது கொரோனா கொண்டுவந்த பழக்கம் என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். 1948 டிசம்பர் 24 அன்றே பாரிஸ் நோத்ர் தாம் பேராலயத்துக் கிறிஸ்துமஸ் பூசை தொலைக்காட்சியில் ஒளிபரப்பாகிவிட்டது. அடுத்த ஆண்டு முதல் பிரான்சில் 'லெ ஜூர் துய் செஞ்ஞேர்', அதாவது 'ஆண்டவரின் நாள்' என்ற நிகழ்ச்சியே தொடங்கி இன்றுவரை ஓடுகிறது. 1958-ல் பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர், அசிசி நகர்ப் புனித கிளாராவைத் தொலைக்காட்சிக்குப் பாதுகாவலியாக அறிவித்தார். காரணம் தெரிந்தால் வியப்பாக இருக்கும். நோயில் படுத்திருந்த கிளாரா, கிறிஸ்துமஸ் இரவில் கோயிலுக்குப் போக முடியாமல், தன் அறையிலிருந்தபடியே பூசையைக் கண்டதாக மரபு. அவர் மறைந்தது 1253-ல்!

அதெல்லாம் பெரிய நிலையங்கள் செய்த வேலை. சாதாரண ஆள் தோளில் தூக்கிப் படம் பிடிக்கும் கருவி வந்தது 1983-ல், சோனியின் பீட்டாமூவி. அதில் பதியலாம், போட்டுப் பார்க்க முடியாது. அடுத்த ஆண்டே ஜேவிசி சிறிய விஹெச்எஸ் கேமராவைக் கொண்டுவந்தது. பிறகு பானாசோனிக்கின் பெரிய தோள் கேமரா. நம் பக்கத்து ஸ்டூடியோக்காரர்களிடம் நான் அதிகம் பார்த்தது அதைத்தான். அப்போது பெரம்பலூரும் அரியலூரும் திருச்சி மாவட்டம். பெரம்பலூர் தனி மாவட்டமானது 1995-ல். அரியலூர் 2001-ல் பிரிந்து, அடுத்த ஆண்டே மறுபடி சேர்ந்து, 2007-ல் மீண்டும் பிரிந்தது. (அந்தக் கோப்புகளைக் கட்டித் தூக்கியவர்களைக் கேட்டால் தனிக்கதை சொல்வார்கள்.)

முதலில் கல்யாணம்தான் கேசட்டில் ஏறியது. கோயில் திருவிழாவைப் படம் பிடிக்க யார் பணம் கொடுப்பார்? வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ இருந்த பிள்ளைகள் கொடுத்தார்கள். லீவு கிடைக்காதவன், 'தேர்பவனியையாவது பிடித்து அனுப்புங்கள்' என்பான்.

கோயிலுக்குள் படம் பிடிப்பது லேசான காரியமில்லை. அந்தக் கேமராக்களுக்கு வெளிச்சம் போதாது. மெழுகுவர்த்தியும் இரண்டு டியூப்லைட்டும் இருந்தால் படம் முழுக்கப் புள்ளி புள்ளியாக வரும். அதனால் ஒரு பையன் ஆயிரம் வாட் ஹாலஜன் விளக்கைப் பிடித்துக்கொண்டு கேமராக்காரர் பின்னாலேயே வருவான். ஒயர் ஜெபமாலை சொல்லும் கிழவிகளின் காலைச் சுற்றும். விளக்கை நேரே அடித்தால் சாமியாரின் வெள்ளை அங்கி மட்டும் வெளுத்துப்போய், முகம் கருத்துவிடும். எழுந்தேற்றம் நடக்கும்போது மக்கள் முழந்தாளில் இருக்க, பீடத்தை மறைத்துக்கொண்டு இவர் மட்டும் நிற்பார். விளக்கை அணைக்கச் சொன்ன சாமியார்களும் உண்டு. சரியாகத்தான் செய்தார்கள் என்பேன். பூசை நமக்காகக் காட்டும் காட்சியல்லவே. ஒலியோ அதைவிட மோசம். கேமரா மைக்கில் பிரசங்கத்தைவிட மின்விசிறிச் சத்தம் நன்றாகக் கேட்கும். விவரம் தெரிந்தவர்கள் ஆம்ப்ளிஃபயரிலிருந்து நேரே ஒரு ஒயர் இழுப்பார்கள்.

ஏலாக்குறிச்சி தேர்பவனிக் கேசட் ஒன்றைப் பிரான்சிலிருந்த என் உறவினருக்கு அனுப்பினோம். காரைக்காலிலிருந்து பிரெஞ்சு ராணுவத்துக்குப் போய், அங்கேயே பென்ஷன் வாங்கிக்கொண்டிருந்தவர். போட்டுப் பார்த்தால் எல்லாம் கறுப்பு வெள்ளை. நம் நாட்டு முறை பால், பிரான்சின் முறை செகாம். அவருடைய டிவிக்கு நம் கேசட்டின் நிறம் புரியவில்லை. மாதாவின் தேரில் இந்த வருஷம் என்ன நிறப் பூ என்று கடிதத்தில் கேட்டிருந்தார். பதில் எழுதினோம்.

ஏலாக்குறிச்சியைத் திருக்காவலூர் ஆக்கிய வீரமாமுனிவர் 1710-ல் இந்தியா வந்தவர். அவர் தமிழ் நம்மிடம் இருக்கிறது, அவர் பூசை வைத்த குரல் இல்லை. 1899-ல் புதுச்சேரியிலிருந்து கும்பகோணம் மறைமாவட்டம் பிரிந்தபோது முதல் ஆயராக வந்தவர் பொத்தேரோ, பாரிஸ் அயல்நாட்டு மறைபரப்பு சபையைச் சேர்ந்தவர். அந்தச் சபைக் குருக்கள் ஆண்டறிக்கைகளைப் பிரெஞ்சில் எழுதுவார்கள். பள்ளியில் படித்த பிரெஞ்சு எனக்கு அவற்றைப் படிக்கத்தான் மிகவும் உதவியது. எத்தனை ஞானஸ்நானம், எத்தனை ஒப்பந்தம், எந்த ஆண்டு பஞ்சம், காலரா, எல்லாம் இருக்கும். பாடகர் குழுவில் எவர் குரல் ஓங்கியது, பெண்கள் எந்தப் பக்கம் உட்கார்ந்தார்கள், உபதேசியார் எப்படி நடந்தார் என்பதெல்லாம் அதில் இராது. கேசட்டில் இருக்கிறது. பாஸ்கா நாடகத்தில் யூதாஸாக நடித்தவரை ஊர் ஒரு மாதம் அந்தப் பெயராலேயே கூப்பிட்டது. அவர் முகமும் அதில்தான் இருக்கிறது.

2020-ல் ஊரடங்கு வந்து, ஏப்ரல் 12 ஈஸ்டர் அன்று கோயில்கள் பூட்டிக் கிடந்தபோது, செல்போனை ஸ்டாண்டில் பொருத்தி யூடியூபில் பூசை காட்டினார்கள். ஆயிரம் வாட் விளக்கும் இல்லை, ஒயரும் இல்லை. ஆனால் அதில் தெரிந்தது பீடமும் சாமியாரும்தான். பழைய கேசட்டில் கேமரா மக்கள் பக்கம் திரும்பிக்கொண்டே இருக்கும், ஏனென்றால் பணம் கொடுத்தவன் தன் அம்மாவைப் பார்க்க வேண்டும்.

அந்தக் கேசட்டுகள் இப்போது பரணில் கிடக்கின்றன. கடைசியாக டெக் செய்துகொண்டிருந்த ஜப்பானின் ஃபூனாய் நிறுவனமும் 2016 ஜூலையில் நிறுத்திவிட்டது. நாடாவில் வெள்ளையாகப் பூஞ்சை தெரிந்தால் எந்த டெக்கிலும் போடாதீர்கள். டெக்கின் தலையும் கெடும், நாடாவும் அறுந்துபோகும். சுத்தம் செய்து கம்ப்யூட்டருக்கு மாற்றித்தரும் ஆட்கள் திருச்சியில் இருக்கிறார்கள். கொடுப்பதற்கு முன் அட்டையில் ஊர், ஆண்டு, எந்தத் திருவிழா என்று பேனாவால் எழுதிவிடுங்கள். நான் பார்த்த பத்தில் எட்டு கேசட்டின் மேல் 'திருவிழா' என்று மட்டும்தான் எழுதியிருந்தது.