உப்பு போட்ட கடவுச்சொல்

"எல்லா அக்கவுண்டுக்கும் ஒரே பாஸ்வேர்டுதான். கடைசி நம்பரை மட்டும் மாத்திடுவேன்" என்று பலர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அந்த ஒரு நம்பர் வித்தியாசம் போதுமா? விடை தேடிப் போனால் 1979-க்குப் போக வேண்டியிருக்கிறது.

அந்த வருஷம் பெல் ஆய்வகத்தின் ராபர்ட் மோரிஸும் கென் தாம்ஸனும் யூனிக்ஸ் கடவுச்சொற்கள் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அவர்கள் திரட்டிய 3,289 கடவுச்சொற்களில் 2,831, அதாவது 86 சதவீதம், ரொம்பச் சின்னதாகவோ, வெறும் சிற்றெழுத்துகளாகவோ, அகராதியிலும் பெயர்ப்பட்டியலிலும் அகப்படுவதாகவோ இருந்தன.

அவர்கள் சொன்ன மருந்துகளில் ஒன்றின் பெயர் 'உப்பு'. கடவுச்சொல்லை மறையாக்கும்போது 12 பிட் எண் ஒன்றையும் கூடவே கலந்துவிடுவது. இதனால் ஒரே சொல் 4,096 விதங்களில் ஏதோ ஒன்றாகப் பதிவாகும். இன்னொரு லாபமும் உண்டு. இரண்டு மெஷின்களின் கோப்புகளை அருகருகே வைத்துப் பார்த்தாலும், ஒருவர் இரண்டிலும் ஒரே சொல்லைப் போட்டிருக்கிறாரா என்று கண்டுபிடிக்க முடியாது. நம்முடைய இந்தப் பழக்கம் அவர்களுக்கு அப்பவே தெரிந்திருக்கிறது!

ஆனால் உப்பு கோப்பைத்தான் காக்கும். சொல்லே வெளியே போய்விட்டால்? திருடன் அதை அடுத்த கதவில் போட்டுப் பார்ப்பான். 2012-ல் டிராப்பாக்ஸில் நடந்தது இதுதான். வேறு தளங்களில் திருடுபோன கடவுச்சொற்களை வைத்துச் சில பயனர் கணக்குகளுக்குள் நுழைந்தார்கள். திருட்டுக் கடவுச்சொல் ஒன்றால் ஊழியர் ஒருவரின் கணக்கும் திறந்தது. அதில் பயனர்களின் மின்னஞ்சல் முகவரிகள் இருந்தன.

சரி, நம்பரை மாற்றினால்? 2010-ல் வட கரோலினா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், கெடு முடிந்து மாற்றப்பட்ட பழைய கடவுச்சொற்களை வைத்துப் புதியதை ஊகித்துப் பார்த்தார்கள். கோப்பு கையில் இருந்தால் 41 சதவீதம் மூன்று வினாடிக்குள் உடைந்தது. உள்நுழையும் பக்கத்திலேயே முயன்றால்கூட 17 சதவீதத்துக்கு ஐந்து ஊகங்களுக்குள் விடை கிடைத்தது. ஒரு எண்ணைக் கூட்டுவது, ஒரு எழுத்தைக் குறியாக்குவது எல்லாம் நமக்குத் தந்திரம்; கணினிக்குப் பாலபாடம்.

ஆக, எவ்வளவு வித்தியாசம் வேண்டும் என்று கேட்டால், ஒன்றைத் தெரிந்தவன் மற்றொன்றை ஊகிக்க முடியாத அளவுக்கு. அத்தனையும் மனசில் நிற்காது. கடவுச்சொல் பெட்டகச் செயலியோ, வீட்டில் பூட்டி வைத்த நோட்டோ போதும். முதலில் மின்னஞ்சலிலிருந்து தொடங்குங்கள். மற்ற கணக்குகளின் 'மறந்துவிட்டேன்' கடிதமெல்லாம் அங்கேதானே வந்து சேருகிறது!