கண்டியில் இருந்த இந்திய ஏஜெண்டு

மலையகத் தமிழர் வரலாற்றில் அதிகம் பேசப்படாத ஓர் அலுவலகம் கண்டியில் இருந்தது. 1922-ஆம் ஆண்டு இந்தியக் குடிபெயர்வுச் சட்டத்தின்படி அமைந்த இந்திய அரசின் ஏஜெண்டு அலுவலகமே அது. அட்டன், நுவரெலியா தோட்டத் தொழிலாளரின் கூலி, குறைகள் குறித்து ஏஜெண்டு ஆண்டறிக்கை எழுதுவார். துரைமாருக்கு ஆணையிடும் அதிகாரம் அவருக்கில்லை.

1939 ஆகஸ்டில் இலங்கைக்குத் தொழிலாளர் செல்வதை இந்திய அரசு தடை செய்தது. அடுத்த மாதமே போர் மூண்டது. 1940 ஜனவரியில் முல்லோயா தோட்டத்தில் தொழிலாளி கோவிந்தன் போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் மாண்டார். காந்தியின் உண்ணாவிரதத்தை முன்னிட்டு 1943-இல் வைசிராயின் நிர்வாக சபையிலிருந்து விலகிய எம்.எஸ்.அனே, அவ்வாண்டே இலங்கையில் இந்தியப் பிரதிநிதியானார்.

பதவியின் தகுதி உயர்ந்தது. தொழிலாளியின் நிலை உயர்ந்ததா? 1948-இல் குடியுரிமையும் 1949-இல் வாக்குரிமையும் பறிபோயின. 1964-இல் சிறிமாவும் சாஸ்திரியும் அம்மக்களை எண்ணிக்கையாகப் பங்கிட்டுக்கொண்டனர். இரு அரசுகள் பேசிய எந்த மேசையிலும் தொழிலாளிக்கு நாற்காலி இல்லை என்பதே நான் கண்ட உண்மை.