பரண்மேல் கிடந்த மடிக்கணினியும் ஒரு ஜெர்மானியரின் 2 எம்.பி.யும்

ரெண்டு வாரமாக நான் எதுவும் எழுதவில்லை என்று சிலர் போன் பண்ணிக் கேட்டீர்கள். உடம்புக்கு ஒன்றுமில்லை. ஒரு பழைய மடிக்கணினியோடு மல்லுக்கட்டிக் கொண்டிருந்தேன். வரலாற்று வாத்தியாருக்கு இதெல்லாம் எதற்கு என்று நினைப்பவர்கள் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். இதிலும் வரலாறுதான் இருக்கிறது.

அம்மையார்குப்பத்தில் விசைத்தறி ஓட்டும் என் தங்கை மகனின் பெண் இந்த வருஷம் பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் பிரிவில் சேர்ந்திருக்கிறாள். வீட்டில் கணினி இல்லை. கையிலிருக்கும் ஒரு ஜோடி வளையலை அடகு வைத்துப் புதிதாக வாங்கலாம் என்று அவள் அம்மா யோசித்துக் கொண்டிருந்தாள். "அவசரப்படாதே அம்மா, அத்தை மகனுக்கு அரசாங்கம் கொடுத்தது ஒன்று பரண்மேல் கிடக்குமே, அதை எடு" என்றேன். எடுத்தார்கள். தூசு தட்டினால், பட்டனை அழுத்தியதும் நீல வெளிச்சம் வந்தது, அதோடு நின்றுவிட்டது. பழுது பார்க்கும் கடையில், "சார், இதற்கு மேல் செலவு பண்ணாதீங்க, எடைக்குப் போடுங்க" என்று சொல்லிவிட்டார்கள்.

அந்தக் கணினி எங்கிருந்து வந்தது என்பது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். 2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்த நாள். நம் திருவள்ளூர் மாவட்டத்துக் காக்களூரில்தான் அன்றைய முதல்வர் ஜெயலலிதா விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். பிளஸ் டூ பிள்ளைகளும் கல்லூரிப் பிள்ளைகளும் அந்தப் பெட்டியைத் தலைமேல் வைத்துக்கொண்டு பஸ் ஏறியது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. ஆரம்பத்தில் வந்த கணினிகளில் ரெண்டு இயங்குதளங்கள் இருந்தன. ஒன்று விண்டோஸ். இன்னொன்று பாஸ் லினக்ஸ். பெயரைப் பார்த்து முதலாளி என்று நினைத்துவிடாதீர்கள். பாரத் ஆபரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ் என்பதன் சுருக்கம் அது. மத்திய அரசின் சி-டாக் நிறுவனத்துச் சென்னைக் கிளை, டெபியன் என்ற லினக்ஸை அடிப்படையாக வைத்துச் செய்து 2007-இல் வெளியிட்டது. தமிழ் உட்பட இந்திய மொழிகளில் அதில் வேலை செய்யலாம். ஆனால் பிள்ளைகள் பெரும்பாலும் அந்தப் பக்கம் போகவே இல்லை. கணினியைத் திறந்ததும் வரும் பட்டியலில் ரெண்டாவது பெயர் என்ன என்று கேட்டால், "அது தெரியாது சார், தொடமாட்டோம்" என்பார்கள். கையில் கொடுத்தோமே தவிர, சொல்லிக் கொடுக்கவில்லை. அதில் எங்களைப் போன்ற ஆசிரியர்களுக்கும் பங்கு உண்டு.

அதற்கு முன்பே தமிழ்நாட்டில் இந்த முயற்சி நடந்திருக்கிறது. 2007 வாக்கில், உமாசங்கர் ஐ.ஏ.எஸ். எல்காட் மேலாண் இயக்குநராக இருந்தபோது, அந்த நிறுவனமே தன் கணினிகளை சூசே லினக்ஸுக்கு மாற்றியது. பள்ளிக்கூடக் கணினிகளுக்கும் அது வந்தது. குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்தில் கட்டற்ற மென்பொருளுக்கென்று ஒரு தேசிய மையம் இயங்கியது. அரசு இப்படி இறங்குவதற்கு முன்னாலேயே, 2000-களின் தொடக்கத்தில், உலகத்தின் பல மூலைகளில் இருந்த தமிழர்கள் ராத்திரி உட்கார்ந்து கே.டி.இ. என்ற லினக்ஸ் திரையைத் தமிழாக்கம் செய்தார்கள். யாரும் சம்பளம் கொடுக்கவில்லை. கோப்பு, உலாவி, சாளரம் என்று நாம் இன்று சாதாரணமாகச் சொல்லும் சொற்கள் புழக்கத்துக்கு வந்ததில் அவர்களுக்கும் பங்குண்டு.

என் சொந்த அறிமுகம் தபால்காரர் வழியாக வந்தது. அந்தக் காலத்தில் உபுண்டு என்ற லினக்ஸின் குறுந்தகடு வேண்டுமென்று இணையத்தில் முகவரி எழுதிப் போட்டால், வெளிநாட்டிலிருந்து வீட்டுக்கே இலவசமாக அனுப்புவார்கள். 2005-இலிருந்து 2011 வரை அந்த ஏற்பாடு இருந்தது. ஒரு மாணவன் (இப்போது பெங்களூரில் இருக்கிறான், இதைப் படித்தால் சிரிப்பான்) என் பெயரில் போட்டுவிட்டான். நான் அதை வீட்டுக் கணினியில் போட்டபோது, "முழு வட்டையும் பயன்படுத்து" என்ற இடத்தில் யோசிக்காமல் சரி கொடுத்துவிட்டேன். தங்கை மகன் கல்யாணப் போட்டோ அத்தனையும் போயிற்று. அந்தத் தங்கை மகனின் பெண்தான் இப்போது பாலிடெக்னிக் போகிறவள். ஆக, அந்தக் குடும்பத்துக்கு நான் ஒரு கணினி கடன்பட்டிருக்கிறேன்.

இப்போது தலைப்பில் சொன்ன ஜெர்மானியருக்கு வருவோம். எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம் இதுதான். 1991-இல் ஃபின்லாந்தின் ஹெல்சின்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், வயது 21, தவணையில் ஒரு 386 கணினி வாங்கினார். அதில் நினைவகம் 4 எம்.பி. ஜி.பி. இல்லை, எம்.பி.! இன்று வாட்ஸப்பில் வரும் ஒரு குட்மார்னிங் வீடியோ அதைவிடப் பெரிசு. ஆகஸ்ட் 25 அன்று, பொழுதுபோக்காக ஓர் இயங்குதளம் எழுதிக் கொண்டிருப்பதாக இணையத்தில் அறிவித்தார். அதைப் போட்டுப் பார்த்தவர்களில் ஜெர்மனியில் ஒருவரிடம் இருந்ததோ வெறும் 2 எம்.பி. நினைவகம். அதில் லினக்ஸைத் தொகுக்க முடியவில்லை, ஏதாவது வழி உண்டா என்று அவர் எழுதிக் கேட்டார். பணக்காரக் கம்பெனியாக இருந்தால் வேறு கணினி வாங்கிக்கொள் என்று சொல்லியிருக்கும். லினஸ் 1991 கிறிஸ்துமஸ் விடுமுறையில் உட்கார்ந்து அதற்கு வழி செய்தார். நினைவகம் நிரம்பும்போது, உடனே தேவைப்படாததை வன்வட்டில் ஓர் ஓரத்தில் ஒதுக்கி வைத்துவிட்டு, வேண்டும்போது திரும்ப எடுத்துக்கொள்வது. நம் வீட்டுப் பரண் மாதிரி. லினஸுக்கு அது அவசியமாக இருக்கவில்லை. முகம் தெரியாத ஒருவருக்காகச் செய்தது. அப்போது அவருக்குப் போட்டியாக இருந்த மினிக்ஸில் இந்த வசதி இல்லாததால், பலர் லினக்ஸ் பக்கம் வர அதுவும் ஒரு காரணமாயிற்று.

பழைய கணினி என்றால் லினக்ஸ் என்று இன்று சொல்கிறோமே, அந்தக் குணம் பிறவியிலேயே வந்தது. ஆனாலும் எல்லாப் பழசையும் அது சுமந்துகொண்டே இருக்காது. தான் பிறந்த 386-ஐயே 2013-இல் கைவிட்டுவிட்டது. 32 பிட் கணினிகளையும் ஒவ்வொருவராக விட்டு வருகிறார்கள். டெபியனின் 13-ஆம் பதிப்பில் அதற்கான நிறுவியே கிடையாது. ஆகவே முதலில் உங்கள் கணினி 64 பிட்டா என்று பாருங்கள். இது தெரியாமல் நான் ஒரு நாளை வீணாக்கினேன்.

நம் பரண் கணினி 64 பிட்தான், நினைவகம் 2 ஜி.பி. லுபுண்டுவைப் பென்டிரைவில் ஏற்றினேன். இது உபுண்டுவின் இளைத்த தம்பி. லினக்ஸில் பாரம் அதிகம் திரை அலங்காரத்தில்தான். அதைக் குறைத்தால் உள்ளே இருப்பது ஓடும். முதலில் வட்டில் எழுதாமல் பென்டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்த்தேன். வைஃபை வருகிறதா, சத்தம் வருகிறதா, தமிழ்99 விசைப்பலகை வருகிறதா. அதன்பிறகு அத்தை மகனின் பழைய போட்டோக்களை (இந்த முறை!) தனியாக நகல் எடுத்துக்கொண்டு, வட்டில் போட்டேன். 4 ஜி.பி. அளவுக்குப் பரணும் ஒதுக்கினேன். எழுதுவது, சி நிரல் போடுவது எல்லாம் சுகமாக ஓடுகிறது. உலாவியில் மூன்று நான்கு பக்கங்களுக்கு மேல் திறந்தால்தான் திணறும். யூடியூப் பார்க்கலாம், பெரிய தரத்தில் கேட்காதீர்கள்.

சனிக்கிழமை அவள் வந்தாள். "தாத்தா, இதுலயே சி போடலாமா?" என்று கேட்டுவிட்டு, நான் பதில் சொல்வதற்குள் உட்கார்ந்து தன் பெயரைத் தமிழில் அச்சிடும் நிரலை எழுதிவிட்டாள். ஜி.சி.சி. என்ற தொகுப்பியை ஒரு கட்டளையில் இறக்கிக்கொண்டாள், காசு கேட்கவில்லை. அவள் அம்மா பக்கத்தில் நின்று திரையில் பெயர் வந்ததைப் பார்த்தாள். வளையல் கையிலேயே இருந்தது.

ஒரு குறை மட்டும். பேட்டரி செத்துவிட்டது, கரண்ட் போனால் எல்லாம் போச்சு. அம்மையார்குப்பத்தில் கரண்ட் எப்படி என்று உங்களுக்குத் தெரியும். உங்களில் யார் வீட்டிலாவது 2011, 2012-இல் கொடுத்த கணினி உடைந்து கிடந்தால் தூக்கிப் போடாதீர்கள். பேட்டரியின் அடியில் இருக்கும் எண்ணைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள், பொருந்துகிறதா என்று பார்க்கிறேன்.