இரண்டாம் மேட் வாய்மொழித் தேர்வு

வெளிநாடு செல்லும் வணிகக் கப்பலில் தளப்பிரிவு அதிகாரியாக விரும்புபவர், எழுத்துத் தேர்வுடன் சேர்த்துக் கட்டாயம் தேற வேண்டிய நேர்முகத் தேர்வு. கப்பல்காரர்கள் பேச்சில் இதற்கு ‘ஓரல்ஸ்’ என்று பெயர். இந்தியாவில் கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகமான டி.ஜி. ஷிப்பிங்கின் கீழுள்ள மெர்க்கண்டைல் மரைன் டிபார்ட்மென்ட் (எம்.எம்.டி.) அலுவலகங்கள் மும்பை, கொல்கத்தா, சென்னை முதலிய ஊர்களில் இதை நடத்துகின்றன. சென்னை அலுவலகம் துறைமுகத்தை ஒட்டி, ராஜாஜி சாலையில் இருக்கிறது. கேள்வி கேட்பவர் நாட்டிக்கல் சர்வேயர்; கடலில் காலம் கழித்துவிட்டுக் கரைக்கு வந்தவர்.

தேர்வுக்கு அடிப்படை, கடலோடிகளின் பயிற்சி, சான்றிதழ், வாட்ச் (காவல் முறை) பற்றிய, எஸ்.டி.சி.டபிள்யூ. எனப்படும் 1978ஆம் ஆண்டின் பன்னாட்டு உடன்படிக்கை. 1995இலும், 2010இல் மணிலாவிலும் அது பெரிய அளவில் திருத்தப்பட்டது. அதன்படி தேர்வர் 18 வயது நிறைந்தவராக இருக்க வேண்டும். அங்கீகரிக்கப்பட்ட பயிற்சியுடன் குறைந்தது 12 மாதக் கடற்பணியும், அதில் 6 மாதமாவது அதிகாரியின் மேற்பார்வையில் பிரிட்ஜ் வாட்ச் பார்த்த அனுபவமும் தேவை. இந்தியாவில் ஓராண்டு நாட்டிக்கல் சயின்ஸ் டிப்ளமோ வழியாக வரும் கேடட் 18 மாதம் கடலில் இருக்க வேண்டும். கேள்விகள் மூன்று பிரிவுகளில் அமையும்: கப்பல் செலுத்துதல், சரக்கு கையாளுதல், கப்பலின் இயக்கமும் ஆட்களின் பாதுகாப்பும்.

சான்றிதழ் ‘செகண்ட் மேட்’ என்றாலும், அதை வாங்கியவர் பெரும்பாலும் மூன்றாம் அதிகாரியாகத்தான் கப்பல் ஏறுவார். வழக்கமாக அவருக்கு எட்டு முதல் பன்னிரண்டு வாட்ச். இரவு 11 மணிக்கு இந்தப் பையனிடம் (இப்போது பெண்ணிடமும்) கப்பலை விட்டுவிட்டுக் கேப்டன் தூங்கப் போகலாமா என்பதுதான் சர்வேயர் தெரிந்துகொள்ள விரும்புவது. மற்றக் கேள்விகளெல்லாம் இதற்குள் அடங்கும்.

ஆகவே முதலிடம் மோதல் தடுப்பு விதிகளுக்கு. ‘ரூல்ஸ் ஆஃப் த ரோடு’ என்று வழங்கும் இவ்விதிகள் 1972இல் வகுக்கப்பட்டு, 1977 ஜூலை 15 முதல் நடப்பில் உள்ளன. மற்றதில் தடுமாறினால் மன்னிக்கும் சர்வேயரும் இதில் மன்னிக்கமாட்டார். மேசைமேல் சிறு கப்பல் மாதிரிகளை வைத்து, “உன் கப்பல் இது, அது உன் ஸ்டார்போர்டு பக்கம், பேரிங் மாறவில்லை, என்ன செய்வாய்?” என்று தொடங்குவார். காம்பஸில் பேரிங் (அது தெரியும் திசை) மாறாமல் ஒரு கப்பல் நெருங்கினால் மோதல் அபாயம் உண்டு என்பது 7ஆம் விதி. எதிர்க்கப்பல் ஸ்டார்போர்டில், அதாவது வலப்பக்கம், இருப்பதால் வழிவிட வேண்டியவர் தேர்வர். அதன் முன்னால் குறுக்கே போவதையும் கூடியவரை தவிர்க்க வேண்டும். இதுவரை யாரும் சொல்லிவிடுவார்கள்.

அடுத்து மாதிரியைப் போர்ட் பக்கத்துக்கு, அதாவது இடப்பக்கத்துக்கு, நகர்த்துவார். இப்போது வழிவிட வேண்டியது எதிர்க்கப்பல். தேர்வர் போக்கையும் வேகத்தையும் மாற்றாமல் நிற்க வேண்டும். அது வழிவிடவில்லை என்றால்? 17ஆம் விதி படிப்படியாக இறங்குகிறது. எதிர்க்கப்பல் உரிய நடவடிக்கை எடுக்கவில்லை என்று தெரிந்ததும் தானே விலகலாம். அது மட்டும் விலகினால் போதாது என்னும் அளவுக்கு நெருங்கிவிட்டால் விலகியே ஆக வேண்டும். ‘விலகலாம்’ என்பது எந்தக் கட்டத்தில் ‘விலக வேண்டும்’ ஆகிறது என்று விளக்கத் தெரியாதவருக்கு அங்கேயே சிக்கல். விலகும்போதும், இடமிருந்தால், போர்ட் பக்கம் உள்ள கப்பலுக்காகப் போர்ட்டில் திரும்பக் கூடாது.

பிறகு சர்வேயர் அதே மாதிரிகளை வைத்து, “மூடுபனி, ரேடாரில் மட்டும் தெரிகிறது” என்பார். பலர் விழும் குழி இதுதான். ஒன்றையொன்று கண்ணால் பார்க்காத கப்பல்களுக்கு 19ஆம் விதி. அதில் வழிவிடும் கப்பல், நிற்கும் கப்பல் என்ற பிரிவே கிடையாது. நெருக்கம் உருவாகிறதென்றால் இருவருமே உரிய நேரத்தில் விலக வேண்டும். பீமுக்கு (தன் கப்பலின் நடுக் குறுக்குக்கோட்டுக்கு) முன்னால் இருக்கும் கப்பலுக்காக, அது தான் முந்திச் செல்லும் கப்பலாக இல்லாவிட்டால், போர்ட்டில் திரும்புவதைத் தவிர்க்க வேண்டும். “அவன்தான் சார் வழிவிடணும்” என்று பழக்கத்தில் வாய் தவறினால் அன்றைய தேர்வு ஏறக்குறைய முடிந்தது.

விளக்குகளுக்கும் ஒலிகளுக்கும் மனப்பாடம்தான் வழி. பச்சைக்குக் கீழ் வெள்ளை இழுவலைப் படகு; சிவப்புக்குக் கீழ் வெள்ளை மற்ற மீன்பிடி கலம்; வெள்ளைக்குக் கீழ் சிவப்பு பைலட் படகு. கட்டுப்பாடு இழந்த கப்பலுக்குச் செங்குத்தாக இரண்டு சிவப்பு. நம் கரையோரத்தில் இரவில் வாட்ச் பார்த்தவருக்கு, எல்லா நாட்டுப்படகும் இப்படி விளக்கு ஏற்றிக்கொண்டு வருவதில்லை என்று தெரியும். ஆனாலும் பதில் விதிப்படிதான் இருக்க வேண்டும். மிதவைகளில் திசைக்குறிகளின் மினுக்கல் கடிகார முகத்தை ஒட்டியது: கிழக்குக்கு மூன்று, தெற்குக்கு ஆறும் ஒரு நீண்ட ஒளியும், மேற்குக்கு ஒன்பது, வடக்குக்கு நிற்காத மினுக்கல்.

செக்ஸ்டன்ட் கையில் தரப்படும்போது பதிலுக்கு முன்பே பிடிக்கும் விதம் கவனிக்கப்படும். பாகைகள் பொறித்த வளைவைப் பிடித்துத் தூக்குபவர் அதைப் பயன்படுத்தியவரல்ல. சட்டத்தைப் பிடித்துப் பெட்டியிலிருந்து எடுத்து, செங்குத்துப் பிழை, பக்கப் பிழை, இன்டெக்ஸ் பிழை என்ற வரிசையில் சரிபார்த்துக் காட்ட வேண்டும். உயிர்காப்புச் சாதனங்களில் எண்கள் முக்கியம்: பாராசூட் ராக்கெட் குறைந்தது 300 மீட்டர் உயரம் போய் 40 விநாடி எரியும், கைச்சுடர் ஒரு நிமிடம், 406 மெகாஹெர்ட்ஸ் ஈபெர்ப் (அவசரச் சமிக்ஞைக் கருவி) 48 மணி நேரம்.

சரக்குப் பிரிவில் கேடட் வேலை செய்த கப்பலிலிருந்தே கேள்வி பிறக்கும். நிலக்கரி ஏற்றிய கப்பலில் இருந்ததாகச் சொன்னவர் மீத்தேன் வாயுவையும் தானே சூடேறுவதையும் பற்றிப் பேசத் தயாராக இருப்பது நல்லது.

பிரிட்டனில் கப்பல் அதிகாரிகளுக்குத் தேர்வைக் கட்டாயமாக்கியது 1850ஆம் ஆண்டுச் சட்டம். நாவலாசிரியர் ஜோசப் கான்ராட் 1880இல் லண்டனில் செகண்ட் மேட், 1884இல் மேட், 1886இல் மாஸ்டர் தேர்வுகளில் தேறினார். ‘எ பர்சனல் ரெக்கார்டு’ நூலில் மூன்றையும் சுவையாக விவரித்திருக்கிறார். மேட் தேர்வில் கேள்வி கேட்டவர், கற்பனைக் கப்பல் ஒன்றை அவரிடம் ஒப்படைத்து, அவர் ஒவ்வொரு வழியாகச் சொல்லச் சொல்ல அடுத்த விபத்தை ஏவிக்கொண்டே இருந்தாராம். மேட், மாஸ்டர் இரண்டிலும் முதல் முறை தோற்றதைக் கான்ராட் அந்நூலில் சொல்லவில்லை.

விபத்துமேல் விபத்தாக ஏவிக் கேட்கும் அந்த முறை இன்றும் உயிரோடு இருக்கிறது. ஆள் கடலில் விழுந்தான் என்றால் விழுந்த பக்கமே முழுச் சுக்கான், மிதவளையம் வீசுதல், அலாரம், கேப்டனுக்குத் தகவல் என்று சொல்லி முடிப்பதற்குள் சுக்கான் பழுதாகிவிடும். “கேப்டனைக் கூப்பிடுவேன்” என்பது நல்ல பதில். கேப்டன் மேலே வரும்வரை என்ன செய்வாய் என்பது அடுத்த கேள்வி.

எந்தச் சர்வேயர் எதைக் கேட்பார் என்ற கேள்வித் தொகுப்புகள் தேர்வர்களிடையே கைமாறுவது பழைய வழக்கம். கேள்வியின் போக்கு அதில் பிடிபடும், பதில் பிடிபடாது. நண்பர் ஒருவரைச் சர்வேயராக உட்காரவைத்து, வாய்விட்டுப் பதில் சொல்லிப் பழகுவதே பயன் தரும் தயாரிப்பு. விதி நூலை மௌனமாகப் படித்துத் தேறியவர்கள் அபூர்வம்.

சான்றிதழ் ஐந்தாண்டுகளுக்குச் செல்லும். அதன்பின் கடற்பணிக் கணக்கைக் காட்டிப் புதுப்பிக்க வேண்டும். கப்பல் வானொலியை இயக்குவதற்கான ஜி.எம்.டி.எஸ்.எஸ். சான்றிதழைத் தனியே பெற வேண்டும்.