இன்சுலின் விதிகள் வளர்ந்த வரலாறு

மருந்து என்பது நான்கு கூறுகளால் ஆனது என்று வள்ளுவர் வகுத்தார். நோயுற்றவன், அதைத் தீர்க்கும் மருத்துவன், மருந்து, அம்மருந்தை அருகிருந்து கொடுப்பவன் ஆகிய நான்கும் கூடியதே மருத்துவம் என்பது அவர் கருத்து. முதல் மூன்றைப் பற்றி மருத்துவ வரலாறுகள் விரிவாகப் பேசும். நான்காமவனைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. நீரிழிவு நோயின் வரலாற்றிலோ அந்த நான்காமவனே தலைமைப் பாத்திரம். அவன் செய்ய வேண்டிய வேலையை விதிகளாக எழுதி, அவ்விதிகளை ஒரு பொறியின் கையில் ஒப்படைக்க மனிதர் முயன்ற வரலாற்றையே ஈண்டுக் காண்போம்.

முதலில் ஒரு விளக்கம் வேண்டும். நம் குடும்பங்களில் பெரும்பாலும் காணப்படுவது இரண்டாம் வகை நீரிழிவு. அது நடுவயதில் மெல்ல வருவது. உணவுக் கட்டுப்பாட்டினாலும் மாத்திரையினாலும் பலருக்கு அடங்குவது. முதல் வகை அப்படியன்று. பெரும்பாலும் இளமையிலேயே தாக்கி, கணையத்தில் இன்சுலின் சுரக்கும் உயிரணுக்களை அழித்துவிடுவது. அந்நோயாளிக்கு இன்சுலின் வாழ்நாள் முழுதும் வேண்டும். இக்கட்டுரை பெரிதும் அவர்களைப் பற்றியது.

மருந்து கிடைத்தது

1869-ஆம் ஆண்டில் பால் லாங்கர்ஹான்ஸ் என்னும் ஜெர்மானிய மாணவர், கணையத்துள் தீவுகள்போல் சிதறிக் கிடக்கும் சிறு உயிரணுக் கூட்டங்களைக் கண்டார். 1889-இல் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் மின்கோவ்ஸ்கி, மேரிங் என்னும் இருவர் ஒரு நாயின் கணையத்தை அகற்றியபோது அதற்கு நீரிழிவு கண்டது. நோயின் இருப்பிடம் தெரிந்துவிட்டது. ஆயினும் கணையத்திலிருந்து மருந்தைப் பிரித்தெடுக்க மேலும் முப்பதாண்டுகள் சென்றன.

1921-இல் கனடாவின் டொராண்டோ பல்கலைக்கழகத்தில், பேராசிரியர் மக்ளியோடின் ஆய்வுக்கூடத்தில், பேண்டிங்கும் பெஸ்டும் அம்முயற்சியில் வென்றனர். காலிப் அதைத் தூய்மை செய்தார். 1922 ஜனவரி 11-இல் லெனார்டு தாம்சன் என்னும் 14 வயதுச் சிறுவனுக்கு முதல் ஊசி போடப்பட்டது. அது போதிய பயன் தரவில்லை. தூய்மை செய்த மருந்து 23-ஆம் நாள் கொடுக்கப்பட்டதும் சிறுவன் தேறினான். அதற்குமுன் இத்தகைய பிள்ளைகளுக்குப் பட்டினி உணவே சிகிச்சையாக இருந்தது. அது மரணத்தைச் சிறிது தள்ளிப்போட்டதேயன்றித் தடுக்கவில்லை. தாம்சனோ மேலும் பதின்மூன்று ஆண்டுகள் வாழ்ந்தான். கண்டறிந்தோர் தம் காப்புரிமையை ஆளுக்கு ஒரு டாலர் பெற்றுக்கொண்டு பல்கலைக்கழகத்துக்கே கொடுத்துவிட்டமை நெஞ்சை விட்டகலாத செய்தியாகும்.

அளவு என்னும் சிக்கல்

மருந்து கிடைத்தது, ஆனால் அளவு கிடைக்கவில்லை. இன்சுலின் குறைந்தால் இரத்தத்தில் சர்க்கரை ஏறும். சில நாளில் இரத்தம் அமிலமாகி உயிருக்கே இடர் நேரும். அத்துணைக் குறையாமல் சிறிதளவே குறைந்தாலும், ஆண்டுகள் செல்லச் செல்லக் கண்ணும் சிறுநீரகமும் கால் நரம்பும் கெடும். இன்சுலின் மிகுந்தாலோ ஒரு மணி நேரத்திலேயே சர்க்கரை தாழ்ந்து, வியர்த்து, நடுங்கி, அறிவு மயங்கி விழ நேரிடும். ஒருபுறம் ஆண்டுக்கணக்கில் கொல்லும் பகை. மறுபுறம் இன்றிரவே கொல்லக்கூடிய பகை. இவ்விரண்டிற்கும் இடையில் ஒடுங்கிய வரப்பின்மேல் நடப்பதே இந்நோயாளியின் வாழ்க்கை.

நலமான கணையம் இவ்வேலையை நாம் அறியாமலே நொடிதோறும் செய்கிறது. உண்டால் மிகுதியாகச் சுரக்கும், ஓடினால் குறைக்கும், உறங்கும்போதும் விழித்திருக்கும். ஊசியோ ஒருமுறை போட்டால் போட்டதுதான். திரும்பப் பெற முடியாது. டென்மார்க்கு நாட்டு ஹாகெடோர்ன் 1936-இலும் 1946-இலும் மெல்லக் கரையும் இன்சுலின் வகைகளைச் செய்து ஊசிகளின் எண்ணிக்கையைக் குறைத்தார். ஆயினும் எத்தனை அலகு என்னும் கேள்வி தீரவில்லை.

அக்காலத்து அளவுகோல் சிறுநீரே. நீலநிறமான பெனடிக்டு கரைசலில் சில துளி சிறுநீரைச் சேர்த்துச் சூடாக்குவர். நீலமாகவே இருந்தால் சர்க்கரை இல்லை. பச்சை, மஞ்சள், செங்கல் நிறம் என மாற மாறச் சர்க்கரை மிகுதி. இந்த நிறத்துக்கு இத்தனை அலகு என்று ஒரு பட்டியல். இதுவே நீரிழிவில் தோன்றிய முதல் எளிய விதி எனலாம். ஆனால் இவ்விதி பழைய செய்தியைக் கேட்டு முடிவெடுப்பது. சில மணி நேரத்துக்குமுன் இரத்தம் இருந்த நிலையைத்தான் சிறுநீர் சொல்லும். அன்றியும், நீலம் என்பது சர்க்கரை செம்மையாக இருப்பதையும் குறிக்கலாம், ஆபத்தாகத் தாழ்ந்திருப்பதையும் குறிக்கலாம். எது மிகவும் தெரிய வேண்டுமோ அதைப் பட்டியல் சொல்லவில்லை.

பாஸ்டன் நகரத்து மருத்துவர் எலியட் ஜோஸ்லின் இன்சுலினுக்கு முன்னரே, 1918-இல், மருத்துவரும் நோயாளியும் சேர்ந்து பயன்படுத்தத்தக்க ஒரு கையேட்டை வெளியிட்டார். தாதியரைப் பயிற்றி நோயாளிகளுக்குப் பாடம் கற்பிக்கச் செய்தார். கற்பித்தல் சிகிச்சையின் துணைப்பொருள் அன்று, அதுவே சிகிச்சை என்பது அவர் நெறி. ஆசிரியர்களாகிய நாம் இப்பெயரை நினைவில் வைக்கத்தகும்.

விதி நோயாளியின் கைக்கு வந்தது

1969-இல் ரிச்சர்டு பெர்ன்ஸ்டைன் என்னும் அமெரிக்கப் பொறியாளர், மருத்துவமனைகளுக்கென்றே செய்யப்பட்ட இரத்தச் சர்க்கரை அளவிடும் கருவி ஒன்றை வாங்கினார். அவர் பன்னிரண்டு வயது முதல் நீரிழிவுக்காரர். மருத்துவர்களுக்கு மட்டுமே விற்கப்பட்ட அக்கருவி, மருத்துவரான அவர் மனைவியின் பெயரில் வாங்கப்பட்டது. நாள்தோறும் பலமுறை தம் இரத்தத்தைத் தாமே சோதித்து, உணவையும் ஊசியையும் திருத்தி நலம் கண்டார். தம் கூற்றை மருத்துவ உலகம் கேட்கச் செய்வதற்காக, நடுவயதில் மருத்துவக் கல்வி பயின்று தாமே மருத்துவரானார்.

இந்நெறிக்குப் பெருஞ்சான்று 1993-இல் கிடைத்தது. அமெரிக்காவிலும் கனடாவிலும் 1,441 பேரைக் கொண்டு பத்தாண்டுகள் நடந்த ஆய்வு, அடிக்கடி சோதித்துப் பல வேளை இன்சுலின் ஏற்றியவர்களுக்குக் கண்திரை நோய் தோன்றும் அபாயம் 76 விழுக்காடு குறைந்ததைக் காட்டியது. அதே ஆய்வு, அவர்களுக்குக் கடுமையான சர்க்கரைத் தாழ்வு ஏறத்தாழ மும்மடங்கு மிகுந்ததையும் காட்டிற்று. கண்ணைக் காக்கப்போய் உறக்கத்தை இழந்த கதை இது. இதன்பின் நிகழ்ந்தவை யாவும் இவ்விரண்டையும் ஒருங்கே காக்கும் முயற்சிகளே.

நோயாளி செய்யவேண்டிய கணக்கு எத்தகையது? அட்லாண்டா நகர மருத்துவர் பால் டேவிட்சன் முதலியோர் அனுபவத்திலிருந்து சில எளிய விதிகளை வகுத்தனர். மில்லிமோல் அளவையில் அவற்றைச் சொன்னால், 100 என்னும் எண்ணை ஒருநாள் இன்சுலின் அளவால் வகுத்தால், ஓர் அலகு எவ்வளவு சர்க்கரையைத் தாழ்த்தும் என்பது கிட்டும்; 500-ஐ வகுத்தால், ஓர் அலகு எத்தனை கிராம் மாவுச்சத்துக்கு ஈடாகும் என்பது கிட்டும். ஒருவர் நாளொன்றுக்கு 50 அலகு ஏற்றுகிறார் என்போம். அவருக்கு ஓர் அலகு 2 மில்லிமோல் தாழ்த்தும். 10 கிராம் மாவுச்சத்தைச் சமாளிக்கும். உண்ணுமுன் சர்க்கரை 12, வேண்டுவது 6 எனில், அதற்கு 3 அலகு. சோற்றில் 60 கிராம் மாவுச்சத்து இருந்தால் அதற்கு 6 அலகு. ஆக 9. ஆனால் முந்தைய ஊசியில் 2 அலகு இன்னும் உடலில் வேலை செய்துகொண்டிருந்தால் அதைக் கழிக்க வேண்டும், விடை 7. கழிக்க மறந்தால் மயக்கம்.

இது விளக்கத்துக்காகச் சொன்ன கணக்கே; ஒவ்வொருவர்க்கும் உரிய எண்ணை மருத்துவரே குறிக்க வேண்டும். நான்காம் வகுப்புப் பிள்ளை இக்கணக்கைப் போட்டுவிடும். ஆனால் நாளுக்கு நாலைந்து முறை, காய்ச்சலிலும் தேர்விலும் திருமண விருந்திலும், வாழ்நாள் முழுதும் பிழையின்றிப் போடுவது யாருக்கு இயலும்? இரவு இரண்டு மணிக்கு யார் போடுவது? பிள்ளைக்கு நோய் எனில் தாய் விழித்திருக்கிறாள். தனித்து வாழ்பவருக்கு எவருமில்லை. வள்ளுவர் சொன்ன நான்காமவன் இல்லாத இடம் அதுவே.

பொறி நான்காமவனாதல்

இவ்விடத்தைப் பொறியால் நிரப்ப முதலில் முயன்றவருள் ஒருவர் லாஸ் ஏஞ்சலிஸ் நகர மருத்துவர் ஆர்னால்டு காடிஷ். 1960-களின் தொடக்கத்தில் அவர் செய்த கருவி இரத்தத்தைச் சோதித்துத் தானே மருந்து செலுத்தியது. 1977-இல் வந்த பயோஸ்டேட்டர் அதனினும் நுட்பமானது. ஆனால் அது நோயாளியின் நரம்பிலிருந்து இடைவிடாது இரத்தம் எடுக்கும் பெருங்கருவி. அவர் படுக்கையை விட்டு எழ முடியாது. ஆய்வுக்கு உதவிற்று, வாழ்வுக்கு உதவவில்லை.

விடுதலை இரண்டு சிறு பொருள்களால் வந்தது. ஒன்று, 1978-இல் இலண்டனில் பிக்கப், கீன் முதலியோர் நடைமுறைக்குக் கொண்டுவந்த பம்பு. உடலில் அணிந்துகொள்ளும் இச்சிறு கருவி தோலுக்கடியில் இன்சுலினைச் சிறிது சிறிதாகச் செலுத்தும். மற்றொன்று, 1999-இல் அமெரிக்க அரசின் ஒப்புதல் பெற்ற உணர்கருவி. தோலுக்கடியில் மயிரிழைபோல் செருகப்படும் அது, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை சர்க்கரையை அளக்கும். கையும் கண்ணும் கிடைத்தன. இரண்டையும் இணைக்கும் விதி ஒன்றே வேண்டியிருந்தது.

அவ்விதி மிக எளிய வடிவில் 2009-இல் ஐரோப்பாவில் விற்பனைக்கு வந்த பம்பில் இடம்பெற்றது. சர்க்கரை குறித்த எல்லைக்குக் கீழே போய், ஒலித்தும் அணிந்தவர் விழிக்கவில்லையெனில், இரண்டு மணி நேரம்வரை இன்சுலினை நிறுத்து என்பதே அவ்விதி. ஒரே வரி. கூட்டத் தெரியாது, நிறுத்த மட்டுமே தெரியும். ஆயினும் உறங்குபவரைக் காக்கும் காவலன் ஒருவன் முதன்முதலாக வீட்டுக்குள் வந்தான்.

விதியை எழுதிய நோயாளிகள்

அடுத்த அடியை எடுத்து வைத்தோருள் நோயாளிகளும் நோயாளிகளின் பெற்றோரும் முன்னின்றனர். அமெரிக்காவின் சியாட்டில் நகரில் தனித்து வாழ்ந்த டானா லூயிஸ் என்பார், உணர்கருவியின் ஒலி தம்மை எழுப்பப் போதாது என்று அஞ்சினார். 2013-இல் நியூயார்க்கு மாநிலப் பொறியாளர் ஜான் காஸ்டிக், தம் சிறு மகனின் அளவுகளைத் தொலைவிலிருந்தே பார்க்க வழிகண்டிருந்தார். அம்முறையைப் பெற்று லூயிஸும் ஸ்காட் லைப்ராண்டும் உரத்த ஒலி ஒன்றை அமைத்தனர். பிறகு சர்க்கரை எங்கே செல்லும் என முன்கூட்டிச் சொல்லும் கணக்கையும் சேர்த்தனர். பம்போடு பேசும் வழியைப் பென் வெஸ்ட் கண்டறிந்து கொடுக்க, 2014 டிசம்பரில் அக்கணக்கு தானே பம்பை இயக்கலாயிற்று. 2015 பிப்ரவரியில் 'ஓப்பன் ஏபிஎஸ்' என்னும் பெயரில் அவர்கள் அம்முறையை யாவரும் படிக்கும்படி, எளிய மொழியில் வெளியிட்டனர்.

அதில் உள்ள ஒரு விதி போற்றத்தக்கது. பொறி பம்புக்கு இடும் கட்டளை ஒவ்வொன்றும் அரைமணி நேரத்துக்கே செல்லும். தொடர்பு அறுந்தால், கட்டளை காலாவதியாகி, மருத்துவர் குறித்த பழைய அளவுக்கே பம்பு திரும்பிவிடும். தன்னால் தவறு நேரக்கூடும் என்பதை விதியே முன்னறிந்து அடங்குகிறது.

செக்கு நாட்டினர் மிலோஸ் கோஸாக் தொடங்கிய 'ஆண்ட்ராய்டு ஏபிஎஸ்' இம்முறையைக் கைப்பேசிக்குள் அமைத்தது. அதில் நோயாளி தாமே சிறு விதிகளை எழுதலாம். செவ்வாய் மாலை மூன்று மணியானால் சர்க்கரை இலக்கைச் சிறிது உயர்த்து, விளையாட்டுத் திடலை அடைந்தால் உயர்த்து, இவைபோல்வன. ஓடியாடும்போது தசைகள் சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். ஆகவே இலக்கை உயர்த்தினால் பொறி இன்சுலினைக் குறைக்கும். நாள்தோறும் நினைவில் வைக்க வேண்டியதை ஒருமுறை எழுதிவிட்டால் போதும். ஆனால் இவ்வசதி எடுத்த எடுப்பில் திறவாது. முதலில் பொறி சொல்லும் யோசனையை நோயாளி தாமே பார்த்து ஏற்க வேண்டும். வினாக்களுக்கு விடை எழுதித் தேற வேண்டும். அதன்பின்னரே படிப்படியாகப் பொறிக்கு உரிமை கிடைக்கும். பள்ளிக்கூட முறையே அது!

இது பொழுதுபோக்கர் விளையாட்டு என்று எண்ணியோர்க்கு 2022-இல் விடை கிடைத்தது. நியூசிலாந்தில் 7 முதல் 70 வயதுவரையுள்ள 97 பேரிடம் இம்முறை 24 வாரம் சோதிக்கப்பட்டது. சர்க்கரை செம்மையான எல்லைக்குள் நின்ற நேரம், மற்றக் குழுவினரைவிட நாளொன்றுக்கு மூன்று மணிக்கும் மேல் மிகுந்தது. கடுமையான தாழ்வு எவருக்கும் நேரவில்லை.

நிறுவனங்களும் வாளாவிருக்கவில்லை. தானியங்கிப் பம்பு ஒன்று 2016-இல் அமெரிக்க ஒப்புதல் பெற்றது. 2023-இல் ஒப்புதல் பெற்ற 'ஐலெட்' கருவிக்கு உடல் எடையைச் சொன்னால் போதும். உணவு வழக்கம்போலவா, மிகுதியா, குறைவா என்றால் போதும். மற்றவற்றைத் தானே கற்றுக்கொள்ளும். அதே ஆண்டு இங்கிலாந்தின் அரசு மருத்துவ ஆலோசனைக் குழு, முதல் வகை நோயாளிகள் பலர்க்கு இத்தகைய கருவிகளைப் பரிந்துரைத்தது.

எளிமை என்பது எது?

இன்று இருவகை எளிமை நம்முன் நிற்கின்றன. ஒன்று, விதியைத் திறந்து காட்டிக் கற்பிக்கும் எளிமை. மற்றொன்று, விதியை மூடிவைத்துக் கவலையைப் போக்கும் எளிமை. இரண்டாவதை இகழ்தல் தகாது. கணக்கறியாத முதியவருக்கும் களைத்துப்போன தாய்க்கும் அது பெருங்கொடை. ஆயினும் குழாய் அடைபடலாம், உணர்கருவி கழன்று விழலாம், மின்கலம் தீரலாம். அந்நேரத்தில் ஊசியை எடுத்து அளவு சொல்ல வேண்டியவர் மனிதரே. விதியை அறியாதவர் அப்போது 1922-க்கு முன்னிருந்த நிலைக்குத் தள்ளப்படுவார். ஆகவே பொறி எவ்வளவு தேறினாலும் ஜோஸ்லின் தொடங்கிய பாடம் நிற்கலாகாது.

விலையும் ஒரு தடை. பம்பும் உணர்கருவியும் சாதாரணக் குடும்பங்களுக்கு எளிதில் எட்டுவனவல்ல. ஒரு டாலருக்குக் கொடுக்கப்பட்ட மருந்தின் வரலாற்றில் இது வருந்தத்தக்க முரணாகும்.

ஆசிரியர் அன்பர்கட்கு ஒரு சொல். இந்நோயுள்ள பிள்ளை நம் வகுப்பில் அமர்ந்தால், பள்ளி நேரம் முழுதும் அருகிருப்பவர் நாமே. பிள்ளையின் இடுப்பில் உள்ள கருவி ஒலித்தால் அது விளையாட்டுப் பொருளன்று என்பதையும், பிள்ளை வியர்த்து நடுங்கினால் விழுங்கும் நிலையில் இருக்கும்போதே சர்க்கரைப் பானம் கொடுக்க வேண்டும் என்பதையும், தனியே வீட்டுக்கு அனுப்பலாகாது என்பதையும் நாம் அறிந்திருத்தல் வேண்டும். பெற்றோரிடம் கேட்டு அப்பிள்ளைக்குரிய விதிகளை ஒரு தாளில் எழுதி மேசையறையில் வைத்துக்கொள்வது எந்தப் பள்ளிக்கும் இயலக்கூடியதே.